நான்காம் நம்பர் பவளம்

"என் புருஷன் திருடனா இல்லையான்னு இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

சொன்னவர் நாற்காலியில் உட்காரவே இல்லை. கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. புடவைத் தலைப்பில் நாலைந்து குண்டூசிகள் வரிசையாகக் குத்தியிருந்தன. தையல் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார் என்பதைச் சொல்ல ஒரு துப்பறிவாளர் தேவையில்லை.

ஆனாலும் எதிரே இருந்தவர் துப்பறிவாளர்தான். ஊரில் எல்லோரும் அவரை லென்ஸ் மேடம் என்பார்கள். மூக்குக் கண்ணாடி அத்தனை தடிமன். முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த வீடுகளைச் சோதனை போட்டவர். எரிந்து போன வீட்டுக்குள் நுழைந்து, எரியாமல் கிடக்கும் பொய்யை எடுத்துக்கொண்டு வெளியே வருவார்.

"திருடலைன்னு தெரிஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் லென்ஸ்.

"என் தம்பியை நான் பாத்துக்கறேன்."

"திருடியிருந்தா?"

"அப்பவும் நான்தான் பாத்துக்குவேன். ஆளு மட்டும் மாறும்."

ஜன்னலோரம் இருந்த உதவியாளர் எழுந்து நின்றார். இருபது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். கூட்டமே இல்லாத பஸ்ஸிலும் பேசிக்கொண்டே வந்ததால் கிடைத்த பெயர் ரேடியோ.

"மேடம், இவங்க ரெண்டு ஊருக்கும் டிக்கெட் எடுத்து வெச்சிட்டாங்க. ஏறுறது யாருன்னு மட்டும் நாம சொல்லணும்."

"நீங்க முதல்ல உக்காருங்கம்மா. என்ன காணோம்?"

"பவளம்."

"மோதிரத்துல பதிக்கிறதா?" என்றார் ரேடியோ.

"அது செத்த பவளம் தம்பி. இது உயிரோட இருக்கறது. என் தம்பி பல் டாக்டர். வீட்ல பெரிய தொட்டியில உப்புத்தண்ணி விட்டு வளர்க்கிறான். ஒரு கிளையை வெட்டி இன்னொரு இடத்துல ஒட்டினா, அது தனியா வளரும். செடி மாதிரி."

"அப்போ நகைக்கடைக்கும் நர்சரிக்கும் நடுவுல ஒரு தொழில்."

டாக்டரின் அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். ரேடியோ ஒலியைக் குறைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். போன ஞாயிற்றுக்கிழமை குடும்பம் முழுக்கத் தம்பி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூடியிருந்தது. மறுநாள் பார்த்தால், டாக்டர் வெட்டி நட்டிருந்த ஆறு பவளத் துண்டுகளில் நான்காவதைக் காணவில்லை. வியாழக்கிழமை டாக்டர் எதற்கோ அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஆனாலும் இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் வந்ததில்லை. வந்தவர் பின்கட்டு அறையில் அத்தானின் சின்னத் தொட்டியைப் பார்த்தார். அதற்குள் அதே ஊதா உடம்பும் பச்சை நுனியுமாக ஒரு பவளம்.

"கத்தினான் பாருங்க, பக்கத்து வீட்ல குக்கர் விசில் கேக்கலையாம். எங்க வீட்டுக்காரர் சயின்ஸ் வாத்தியார். அடுத்த வாரம் ஹெட்மாஸ்டர் ஆகப் போறார். பள்ளிக்கூட நிர்வாகத்துக்குத் தம்பி ஒரு லெட்டர் எழுதி வெச்சிருக்கான். அவர் மன்னிப்புக் கேட்டுப் பவளத்தைத் திருப்பித் தரலைன்னா ஆறு மணிக்கு அதை நேர்ல கொண்டு போய்க் குடுப்பானாம்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அதுதான் பிரச்சினையே. 'நான் திருடலை'ன்னார். சரி, எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேன்றார். இருபத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கே பதில் இல்லை." அவர் குரல் லேசாக உடைந்தது. உடனே அதைச் சரி செய்துகொண்டார். "தையலைப் பிரிச்சுப் பாத்தாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். பிரிச்சுக் குடுங்க."

லென்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு.

"ரேடியோ, கிளம்பு."

"ரைட், ரைட்!"

*

டாக்டரின் வீடு மாடியில், கீழே கிளினிக். கதவைத் திறந்தவர் டாக்டரின் மனைவி. வாங்க என்று சொல்லும்போது அவர் வந்தவர்களைப் பார்க்கவில்லை, கூடத்துச் சுவரோரம் இருந்த தொட்டியைத்தான் பார்த்தார்.

பார்க்க வேண்டிய தொட்டிதான். ஆள் நீளம். நீல விளக்கு வெளிச்சத்தில் உள்ளே ஒரு நகரம் தெருவிளக்கு இல்லாமலே ஒளிர்ந்துகொண்டிருந்தது. பச்சை விரல்கள், ஆரஞ்சுப் பொத்தான்கள், தண்ணீர் ஓட்டத்தில் தலையாட்டும் பழுப்பு மயிர்க்கற்றைகள். நடுநாயகமாக இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊதாப் பவளம் கிளை விரித்து நின்றது. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தீக்குச்சித் தலை அளவுக்குப் பச்சை.

"ராணி," என்றார் டாக்டர், மகளை அறிமுகப்படுத்துவது போல. அயர்ன் மடிப்பு கலையாத சட்டை, வகிடு கலையாத தலை.

"ஒன்றரை வருஷம் முன்னாடி ஒரு பயிற்சிக்காக நாலு நாள் வெளியூர் போயிருந்தேன். கரண்ட் போச்சோ என்னவோ, பம்ப் நின்னு போச்சு. திரும்பி வந்து பாத்தா தொட்டி முழுக்க வெள்ளை. சுடுகாடு. ஒரே ஒரு கிளை, கட்டைவிரல் உயரம், பாறை இடுக்குல உயிரோட நின்னுச்சு. எல்லாம் செத்தப்போ அது மட்டும் ஏன் சாகலை? நான் அதுக்கு ஊட்டி வெச்சிருந்த பலம். அந்த ஒரு கிளையிலிருந்து வளர்த்ததுதான் இந்த ராணி."

"ஏதாவது குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டாக்டரின் மனைவி உள்ளே போய்விட்டார்.

"இதுல யாருக்காவது துண்டு குடுத்திருக்கீங்களா?" என்றார் லென்ஸ்.

"ஒருத்தருக்கும் இல்லை. என் தொட்டியில இருந்து ஒரு நகக்கண் அளவு கூட வெளிய போனதில்லை."

தொட்டியின் ஒரு ஓரத்தில் துளை போட்ட பிளாஸ்டிக் தட்டு. அதில் காசு அகலத்துக்குச் சிமென்ட் வில்லைகள். ஒவ்வொரு வில்லையின் பக்கவாட்டிலும் ஒரு எண், மேலே சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு ஊதாத் துண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் ஒரு வெறும் துளை, ஐந்து, ஆறு.

"எப்போ வெட்டினது?"

"ஆறு வாரம் ஆச்சு. வெட்டி, ஜெல் பசையால வில்லையில ஒட்டிடுவேன். அது உடனே மேல வளராது. முதல்ல காலை ஊன்றும். மெழுகு சிந்தின மாதிரி அடியில பரவும். பாருங்க, இந்த ஆறு வாரத்துல ஒரு அரிசி அகலம்தான் பரவியிருக்கு. வில்லையை முழுசா மூடவே ஒரு வருஷம் ஆகும். பொறுமை இல்லாதவன் இந்தப் பக்கமே வரக்கூடாது."

லென்ஸ் மூக்கு தொட்டியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். மூன்றாம் நம்பரின் காலைச் சுற்றிப் பசை இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது.

"வேற ஏதாவது காணாம போச்சா? இடம் மாறிச்சா?"

"அந்த வெள்ளைச் சங்கு. இடது மூலையில கிடக்கும். திங்கட்கிழமை பாத்தா வலது மூலையில. திருடின அவசரத்துல அத்தான் கை பட்டிருக்கும்."

"கை பட்டா அஞ்சு அடியா நகரும்?" என்றார் ரேடியோ. "ஏன் சார், தண்ணிக்குள்ள கை விட்டா தோள் வரைக்கும் நனையுமே. அன்னிக்கு அவர் என்ன சட்டை?"

"முழுக்கை."

"ஈரமா இருந்துச்சா?"

டாக்டர் யோசித்தார். "கழட்டிட்டுக் கையை விட்டிருப்பார்."

"குடும்பமே உக்காந்து சாப்பிடுற கூடத்துல வெறும் உடம்போட ஒரு வாத்தியார். யாரும் ஒண்ணும் கேக்கலை. நல்ல குடும்பம் சார்."

அதற்குள் அவர் கண் வேறெங்கோ போயிற்று. "பாறைக்குப் பின்னாடி கறுப்பா, முள்ளு முள்ளா என்னமோ போகுதே?"

"முள்ளுருண்டை, கடல் முள்ளெலி. பாசி திங்கும்னு கடைக்காரன் குடுத்தான். வந்து ஒரு மாசம் ஆகுது. பகல்ல ஒளிஞ்சுக்கும், விளக்கணைச்ச பிறகுதான் வெளிய வரும்."

"எங்க டிப்போவுல ஒரு டிரைவர் இப்படித்தான்."

லென்ஸ் சிரிக்கவில்லை. வெள்ளைச் சங்கையும் வெறும் துளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்ததும் ரேடியோவின் காதருகில் சொன்னார்: "அந்தம்மா குடிக்கிறீங்களான்னு கேட்டுட்டுப் போனாங்களே, தண்ணி வந்துச்சா?"

"வரலை மேடம். நானும் தொண்டை காஞ்சு கிடக்கேன்."

"நாலு நாள் பயிற்சிக் கதையை டாக்டர் சொல்லி முடிச்சதும் உள்ள போயிட்டாங்க. அதைக் குறிச்சு வெச்சுக்கோ."

*

வாத்தியார் வீட்டின் முன்னறைதான் தையல் கடை. மூன்று மிஷின்கள், தலையில்லாத இரண்டு பொம்மைகள். பின்கட்டில் வாத்தியார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, காதுக்கு மேல் சிவப்புப் பேனா. வந்தவர்களைப் பார்த்து எழுந்து வணக்கம் சொன்னார். அதோடு அவர் பேச்சு முடிந்தது.

அவருடைய தொட்டி ஒரு பெட்டி அளவுதான். மேலே படிக்கிற மேஜை விளக்கை வளைத்துக் கட்டியிருந்தார். பம்ப் ஒன்று இருமிக்கொண்டே ஓடியது. ஆனால் உள்ளே இருந்த பவளங்கள் ஒவ்வொன்றும் ஆரோக்கியமாக, நிறம் கொழித்து, வரிசை பிடித்து நின்றன. டாக்டரின் தொட்டியில் இல்லாத மஞ்சள் ஒன்று கூட இருந்தது.

"மேடம்," என்றார் ரேடியோ, "இது தொட்டியா, கோட்டா?"

ஒவ்வொரு பவளத்துக்கும் அடியில் வில்லைக்குப் பதில் ஒரு பட்டன். தடித்த, கறுத்த, நாலு ஓட்டைக் கோட்டு பட்டன்.

அக்கா இடுப்பில் கை வைத்தார். "டப்பாவுல பட்டன் குறைஞ்சுக்கிட்டே வருதேன்னு வேலைக்கு வர்ற பொண்ணுங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். உங்க வேலைதானா?"

"அந்தத் திருட்டை ஒத்துக்கறேன்," என்றார் வாத்தியார்.

லென்ஸ் ஊதாப் பவளத்தைப் பார்த்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மறுபடியும் பார்த்தார். பவளத்தின் அடி பட்டனை முழுக்க மூடி, விளிம்பைத் தாண்டி, பக்கவாட்டில் இறங்கியிருந்தது. மேலே ஒரு ஓட்டை கூடத் தெரியவில்லை. விளிம்புக்குக் கீழே ஓரமாகத் தெரிந்த கறுப்பை வைத்துத்தான் அது பட்டன் என்றே சொல்ல முடிந்தது. பவளத்தின் ஒரு பக்கம் மட்டும் கிளையில்லாமல் தட்டையாக இருந்தது, ரொட்டியைப் பாதியாக அறுத்து வைத்தது போல. தழும்பு எப்போதோ ஆறி, அதன்மேல் புது ஊதா படர்ந்திருந்தது.

"இது பாதிதான்," என்றார் லென்ஸ். "மிச்சப் பாதி எங்கே சார்?"

வாத்தியார் அடுத்த விடைத்தாளை எடுத்தார்.

"எப்போ அறுத்தீங்க?"

"ஞாபகம் இல்லை."

"வாத்தியாருக்கா தேதி மறக்கும்?"

வாத்தியார் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார்.

லென்ஸ் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கு வாக்குக் குடுத்திருக்கீங்க?"

வாத்தியார் சட்டென்று நிமிர்ந்தார். ஒரு கணம்தான். மறுபடி விடைத்தாளில் குனிந்துகொண்டார்.

"நன்றி சார். பதில் கிடைச்சிடுச்சு."

தெருவுக்கு வந்ததும் ரேடியோ கேட்டார்: "அவர் ஒண்ணுமே சொல்லலையே மேடம்?"

"கேள்வி புரியாதவன் 'என்ன வாக்கு?'ன்னு கேப்பான். அவர் கேக்கலை."

*

ஐந்தேகாலுக்கு எல்லோரும் டாக்டரின் கூடத்தில் இருந்தார்கள். வாத்தியார் மட்டும் வர மறுத்துவிட்டார். மேஜை மேல் ஒட்டிய கவர் ஒன்று கிடந்தது. டாக்டர் அதன்மேல் கையை வைத்திருந்தார், காற்று தூக்கிப் போய்விடும் என்பது போல. அக்கா எதிர் சோபாவில். டாக்டரின் மனைவி சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

லென்ஸ் நேராக விஷயத்துக்கு வந்தார். "டாக்டர், நாலாம் நம்பர் ஆறு வாரக் குழந்தை. பசை கூட இன்னும் மூடலை. உங்க அத்தான் வீட்டுப் பவளம் தன் அடிப்பலகையை முழுசா மூடி, விளிம்பு தாண்டி இறங்கியிருக்கு. உங்க கணக்குப்படியே அதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். போன ஞாயிற்றுக்கிழமை காணாம போனது அது இல்லை."

அக்கா மூச்சு விட்டார். "கேட்டியாடா?"

டாக்டரின் முகம் ஒரு நிமிஷம் வாடியது. உடனே மலர்ந்தது. "கேட்டேன்க்கா. நல்லாவே கேட்டேன். நிறம் அதேதான். பச்சை நுனி அதேதான். இது என் பவளத்தோட வம்சம். நான் யாருக்கும் குடுத்ததில்லை. அப்போ அத்தான் போன வாரம் திருடலை. போன வருஷமே திருடியிருக்கார்!"

அக்கா டேப்பின் ஒரு நுனியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். முதல் முறையாக அவர் முகத்தில் சந்தேகம் தெரிந்தது.

"மேடம்," என்று முணுமுணுத்தார் ரேடியோ, "நம்ம வண்டி ரிவர்ஸ்ல போகுது."

"இன்னும் ஸ்டாப் வரலை." லென்ஸ் டாக்டர் பக்கம் திரும்பினார். "வாய்க்குள்ள விட்டுப் பாப்பீங்களே, நீளக் காம்பு வெச்ச குட்டிக் கண்ணாடி, அது ஒண்ணு வேணும்."

"யார் பல்லைப் பாக்கப் போறீங்க?"

"உங்க ராணியோட பல்லை."

கீழே கிளினிக்கிலிருந்து புதிதாக ஒரு கண்ணாடி வந்தது. காம்பு போதவில்லை. ரேடியோ அதை ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயில் நூல் சுற்றிக் கட்டினார். லென்ஸ் அதைத் தானே வாங்கிக்கொள்ளாமல் டாக்டரிடமே நீட்டினார்.

"நான் பாத்துச் சொன்னா நம்ப மாட்டீங்க. நீங்களே பாருங்க. ராணியை முன்னாடி இருந்துதான் எப்பவும் பாத்திருக்கீங்க. பாறைக்குப் பின்பக்கம், அவ கால் ஊன்றின இடுக்கைப் பாருங்க. ரேடியோ, டார்ச் அடி."

டாக்டர் அலட்சியமாகக் குழாயைத் தண்ணீருக்குள் விட்டார். கடைவாய்ப் பல் தேடுகிற பழக்கத்தில் கை தானாகத் திரும்பியது. ரேடியோ தொட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக வெளிச்சத்தைப் பாய்ச்சினார்.

"பாறை," என்றார் டாக்டர். "பாறை. பாசி. இங்கே ராணியோட அடி. அதுக்குக் கீழே..."

நிறுத்தினார்.

"கீழே என்ன?"

"கறுப்பா ஒரு வட்டம், அடிப்பக்கம் மட்டும் மூடாம. பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அதுல ஓட்டை." அவர் குரல் இறங்கியது. "ரெண்டு ஓட்டை தெரியுது."

"மிச்சம் ரெண்டு பாறைக்குள்ள இருக்கும்," என்றார் லென்ஸ்.

அக்கா சோபாவிலிருந்து துள்ளி எழுந்து வந்து, தம்பியை இடித்துத் தள்ளிக் கண்ணாடிக்குள் பார்த்தார். "டேய்! இது என் கோட்டு பட்டன்டா! உன் தொட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான் சொல்றேன்," என்றது நிலைப்படியிலிருந்து ஒரு குரல்.

டாக்டரின் மனைவி முன்னால் வந்தார். யாரையும் பார்க்காமல், ராணியைப் பார்த்தே பேசினார்.

"கரண்ட் போகலைங்க. நீங்க பயிற்சிக்குப் போன ரெண்டாம் நாள் சாயங்காலம், துணி தேய்க்கிறதுக்காக பம்ப் பிளக்கைப் பிடுங்கிட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். தேய்ச்சேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன். காலையில எழுந்து வந்தா நாத்தம். எல்லாம் வெள்ளையாயிடுச்சு. என்ன செய்யறதுன்னே தெரியலை. அண்ணாவுக்குப் போன் பண்ணினேன்."

"அத்தானுக்கா?"

"குளிக்கக் கூட இல்லை அவர். சைக்கிள்ல வந்தார். நாலு மணி நேரம் தண்ணி மாத்தினார். ஒண்ணும் பிழைக்கலை. நான் அழுதுக்கிட்டே இருந்தேன். அவர் வீட்டுக்குப் போய், தன் தொட்டியில இருந்த ஊதாவைக் கொண்டு வந்து, இந்த மேஜை மேல வெச்சுப் பாதியா அறுத்தார். ஒரு பாதியைப் பட்டன்ல ஒட்டி இந்த இடுக்குல சொருகினார். 'மாப்ள வந்து பாக்கறப்போ ஒண்ணாவது உயிரோட இருக்கணும்'னார்."

டாக்டர் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் முழங்கையிலிருந்து சொட்டி, மடிப்புக் கலையாத சட்டையை நனைத்தது.

"அப்போ பிழைச்சது..."

"எதுவும் பிழைக்கலைங்க. ராணி அங்க இருந்து வந்தவ."

"அத்தானுக்கு அது எப்படிக் கிடைச்சுது? நான் யாருக்கும் குடுத்ததே..."

"குடுத்தீங்க. அதுக்கும் ஒரு வருஷம் முன்னாடி பழுப்படிச்சுப் போன ஒரு கிளையை வெட்டி வாளியில போட்டீங்க. எடுத்துக்கட்டுமா மாப்ளன்னு அண்ணா கேட்டார். 'குப்பைதானே அத்தான், எடுத்துட்டுப் போங்க'ன்னீங்க. சொல்லிட்டுத் திரும்பிக் கூடப் பாக்கலை."

அக்கா அவர் பக்கம் திரும்பினார். கண்ணில் கோபமும் நீரும் ஒன்றாக இருந்தன. "என் புருஷன் தலை உருண்டுக்கிட்டு இருக்கு. ரெண்டு நாளா வாயை மூடிக்கிட்டு எப்படிம்மா இருந்தே?"

"நான்தான் அண்ணி அவர்கிட்ட வாக்கு வாங்கினேன். வியாழக்கிழமையே சொல்லிடறேன்னு போன் பண்ணினேன். 'வேண்டாம்மா, ரெண்டு நாள்ல அவன் கோபம் தணிஞ்சுடும், உன் வீட்ல எதுக்குச் சண்டை'ன்னார். நானும் அதைச் சாக்கா வெச்சு ஒளிஞ்சுக்கிட்டேன். தப்புதான். பயந்துட்டேன்."

"எனக்கா?" என்றார் டாக்டர்.

"உங்களுக்கு இல்லைங்க. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் 'நான் ஊட்டின பலம்'னு சொல்வீங்களே, அப்போ உங்க முகத்தைப் பாப்பேன். அந்த முகத்துக்கு."

டாக்டர் குழாயை மேஜை மேல் வைத்தார். கேட்க வேறெதுவும் கிடைக்காதவர் போல, "அப்போ நாலாம் நம்பர்?" என்றார்.

"மேடம்!" ரேடியோ இன்னும் தொட்டியின் பக்கவாட்டில்தான் குந்தியிருந்தார். டார்ச் அணையவில்லை. "இங்க ஒருத்தர் தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்."

எல்லோரும் குனிந்தார்கள். பாறையின் அடிவயிற்றில், வெளிச்சம் படாத பொந்துக்குள் முள்ளுருண்டை ஒண்டியிருந்தது. அதன் உச்சந்தலையில், முட்கள் நாலா பக்கமும் பத்திரமாகப் பிடித்திருக்க, ஒரு சிமென்ட் வில்லை. வில்லையின் மேல் ஊதாத் துண்டு, கொண்டையில் செருகின பூ மாதிரி. பக்கவாட்டில் டாக்டரின் சொந்தக் கையெழுத்தில் எண்: நான்கு.

"வெளிச்சம் பிடிக்காத ஜீவன்," என்றார் லென்ஸ். "கிடைச்சதைத் தலையில தூக்கி வெச்சு மறைஞ்சுக்குது. சங்கு அஞ்சு அடி நகர்ந்ததுன்னு சொன்னப்பவே யோசிச்சேன். திருட வந்த மனுஷன் சங்கைத் தூக்கி அந்த மூலையில வெக்கிறதுக்கு என்ன வேண்டுதல்? முதல்ல சங்கைப் போட்டுப் பாத்திருக்கு. அது சரியா உக்காரலை. அப்புறம் உங்க தட்டுல ஆறு தொப்பி அடுக்கி வெச்சிருக்கறதைப் பாத்திருக்கு."

"நாலாவது அளவு சரியா இருந்திருக்கு," என்றார் ரேடியோ. "துணிக்கடையில இதைவிட நேரம் எடுத்துக்குவாங்க மேடம்."

முதலில் சிரித்தது டாக்டரின் மனைவி. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. அக்காவும் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு மேஜையிலிருந்த கவரை எடுத்து, மடித்து, தன் கைப்பையில் வைத்து மூடினார்.

"அது எதுக்குக்கா உனக்கு?" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும். இனிமே எப்பல்லாம் நீ யாரையாவது திருடன்னு சொல்ல வாயைத் திறக்கறியோ, அப்பல்லாம் உனக்கு இதைப் படிச்சுக் காட்டுவேன். சத்தமா."

மணி ஆறாக எட்டு நிமிஷம் இருந்தது.

*

டாக்டர் ஈரச் சட்டையோடுதான் கிளம்பினார். கிளினிக் செருப்பைக் கூட மாற்றவில்லை. அக்கா முன்னால் நடக்க, மனைவி பக்கத்தில் வர, கொஞ்சம் பின்தள்ளி லென்ஸும் ரேடியோவும். இரண்டு தெரு நடப்பதற்குள் டாக்டர் மூன்று இடத்தில் நின்றார். மூன்று முறையும் மனைவி அவர் முதுகில் லேசாகக் கை வைத்தார். மறுபடி நடந்தார்.

பின்கட்டில் வாத்தியார் அதே நாற்காலியில் இருந்தார். திருத்தின கட்டு உயர்ந்திருந்தது, திருத்தாத கட்டு தாழ்ந்திருந்தது. வந்தவர்களின் முகங்களைப் பார்த்தார். டாக்டரின் மனைவி தலையை அசைத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தார்.

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். தினமும் நாற்பது பேரை "ஆ காட்டுங்க" என்பவருக்கு அன்று தன் வாய் மட்டும் ஒத்துழைக்கவில்லை. நேராகப் போய்த் தொட்டி முன்னால் நின்றார். ஊதாப் பவளத்தின் தட்டையான பக்கத்தை, அந்தப் பழைய தழும்பை, குனிந்து பார்த்தார்.

"பாதியா அறுத்தீங்களே அத்தான். அறுத்த அதிர்ச்சியில ரெண்டுமே செத்திருந்தா?"

"செத்திருக்கும்தான்."

"உங்ககிட்ட இருந்ததே இது ஒண்ணுதானே. அப்புறம் எப்படித் துணிஞ்சீங்க?"

வாத்தியார் கொஞ்சம் யோசித்தார். வகுப்பில் பின் வரிசைப் பையன் எதிர்பாராமல் நல்ல கேள்வி கேட்டுவிட்டால் யோசிப்பாரே, அப்படி.

"என்கிட்ட ஒண்ணு இருந்துச்சு மாப்ள. உன்கிட்ட ஒண்ணுமே இல்லையே."

டாக்டர் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "நான் அந்த லெட்டர்ல என்னென்ன எழுதினேன் தெரியுமா?"

"எழுத்துப்பிழை இருந்திருக்கும்."

"அத்தான், விளையாடாதீங்க. என்னை நாலு வார்த்தை திட்டுங்க. எனக்கு அது வேணும்."

"அதுக்குத்தான் உன் அக்கா இருக்காளே. அவ வேலையை நான் எடுத்துக்க முடியாது."

வாசற்படியிலிருந்து அக்கா, "இன்னும் ஆரம்பிக்கவே இல்லை," என்றார்.

டாக்டர் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தபடியே இருந்தார். அவர் பார்வை தொட்டிக்குள் அலைந்து, ஓரத்தில் நின்ற மஞ்சளில் போய் நின்றது. எலுமிச்சை நிறம். குச்சி குச்சியாக, ஒவ்வொரு குச்சியிலும் பூத்தூள் போலச் சின்னச் சின்ன வாய்கள் திறந்திருந்தன.

"இது..." என்றார். குரல் மிகவும் சின்னதாக வந்தது. "இதை நான் மூணு தடவை வாங்கி வளர்த்தேன் அத்தான். மூணு தடவையும் ஒரு மாசத்துல போயிடுச்சு. வெளிய யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்ட மட்டும் எப்படி இப்படி நிக்குது?"

டாக்டரின் மனைவி கணவனை, இதுவரை பார்த்திராத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

வாத்தியார் எழுந்தார். இருமிக்கொண்டிருந்த பம்பை நிறுத்தினார். வலது கைச் சட்டையை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று தோள் வரை சுருட்டினார்.

"கையைக் கழுவிட்டு வா," என்றார். "சோப்பு போடாதே."